பக்கத்து சீட்டில் மாஸ்டர்

மார்ச் 4

மதிப்பிற்குரிய நாத்தனாருக்கு,

"போன்ல கத்தாதீங்க அண்ணி, சொல்ல வேண்டியது இருந்தா எழுதி அனுப்புங்க" என்று சொல்லி வைத்துவிட்டாய். எழுதுகிறேன். எழுத்தில் எவ்வளவு கத்தினாலும் உன் காதுக்கு ஒன்றும் ஆகாது.

நீ வந்திருந்த மூன்று நாளும் உன் அண்ணன் புது மாப்பிள்ளை மாதிரி இருந்தார். சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். நீ மதில் ஏறிக் குதித்து முன்பல்லை உடைத்துக்கொண்ட கதையை ஒன்று விடாமல் சொன்னார். யாராவது வந்தால் அவருக்கு அப்படி ஒரு தெம்பு வரும், அவர்கள் போனதும் இறங்கிவிடும் என்று டாக்டர் சொன்னதை உன்னிடம் படித்துப் படித்துச் சொன்னேன். நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அண்ணன் நல்லாத்தான் இருக்கார். நீங்கதான் அவரை நோயாளியாக்கி மூலையில உட்கார வெச்சிருக்கீங்க" என்றாய். அதையும் முழுங்கிக்கொண்டு உனக்குக் காபி போட்டேன்.

ஆனால் போகிற போக்கில் ஒரு காரியம் செய்தாயே, அதை முழுங்க முடியவில்லை. நூல்கண்டு டப்பாவுக்குள் நான் ஒளித்து வைத்திருந்த கார் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்திருக்கிறாய். "உங்க வண்டி, உங்க சாவி, நீங்க எதுக்குக் கேட்டு வாங்கணும்" என்றாயாம். அந்த ஒரு வாக்கியம் மட்டும் அவருக்கு மறக்கவே இல்லை.

மறுநாள் நான் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு வருவதற்குள் ஆளைக் காணோம். வண்டி நிற்கிறதா என்றுகூடப் பார்க்கத் தோன்றாமல் செருப்பு மாட்டாமல் ஓடினேன். பஸ் நிறுத்தம், மருந்துக்கடை, அவருடைய டிரைவிங் ஸ்கூல் இருந்த கட்டடம் எல்லாம் பார்த்தேன். அங்கே இப்போது மூக்குக்கண்ணாடி விற்கிறார்கள். உச்சி வெயில். திரும்பி வந்தால், வீட்டுப் பக்கத்துச் சந்தில் நிற்கிற நம் காருக்குள்ளேயே இருக்கிறார்.

ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்ததைவிடப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்ததுதான் அதிகம். அங்கேதான் இருந்தார். பெல்ட்டைப் போட்டு, சொல்லிக்கொடுப்பவருக்கென்று அந்தப் பக்கம் வைத்திருக்கிற இரண்டாவது பிரேக்கில் காலை ஊன்றி, பழக வருகிற ஆளுக்காகக் காத்திருந்தார். நாலு கண்ணாடியும் ஏற்றியிருந்தது. வெளிச் சத்தம் கேட்டால் புது ஆட்கள் பதறுவார்கள் என்று எப்போதும் அப்படித்தான் செய்வார். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்து, "லேட்டா வர்றவங்களுக்கு இன்னிக்கு கிளாஸ் கிடையாது" என்றார். சொல்லிவிட்டு அப்படியே என் மேல் சாய்ந்தார்.

இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தால் நீ மறுபடி லீவு போட்டு எழவுக்கு வந்திருப்பாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் பித்தப்பையில் கல். ஆபரேஷனை இதோடு இரண்டு தடவை தள்ளிப்போட்டாயிற்று. இனியும் தள்ளினால் என்னைக் கேட்காதீர்கள் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். ஏப்ரல் ஒன்றாம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு சில வாரம் நான் கனமான எதையும் தூக்கக் கூடாது. உன் அண்ணனும் அதில் சேர்த்தி. நீ வந்து பார்த்துக்கொள். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற முதியோர் இல்லத்தில் அவரை விடுவேன். உன்னைக் கேட்கவில்லை, சொல்கிறேன்.

உன் அண்ணி


மார்ச் 12

அண்ணி,

உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது அழுதேன். இரண்டாவது தடவை கோபம் வந்தது. அந்தக் கோபம் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

சாவி கொடுத்தது தப்பு. ஆனால் தப்பு எங்கே ஆரம்பித்தது? வண்டி ரிப்பேர், மெக்கானிக் வரணும் என்று அவரிடம் தினமும் பொய் சொல்கிறீர்கள். அவரும் தினமும் வாசலில் நின்று மெக்கானிக்குக்காகக் காத்திருக்கிறார். முன்கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டிருக்கிறீர்கள். நான் கவனிக்க மாட்டேன் என்று நினைத்தீர்களா? என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், "வாலு, இந்தம்மா என்னைப் பூட்டி வைக்கிறாங்க" என்று குசுகுசுவென்று சொன்னார். இந்தம்மாவாம். கட்டிய மனைவியை ஒருவர் அப்படிச் சொல்கிறார் என்றால் அவரை எந்த நிலைமையில் வைத்திருக்கிறீர்கள்?

அவர் முன்னாலேயே அவரைப் பற்றி அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுகிறீர்கள். காலையில் என்ன போனார், எத்தனை துணி நனைந்தது என்று. அவருக்குக் காது கேட்கும் அண்ணி.

அப்பா போன பிறகு என்னை ஆளாக்கியவர் அவர். உங்களுக்குக் குழந்தை இல்லாததால், "வாலுதான் நமக்குப் பிள்ளை" என்று அவர் சொல்லும்போதெல்லாம் உங்கள் முகம் சுருங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது சின்னப் பெண். இப்போது இல்லை.

அவரை இல்லத்தில் விட நான் அனுமதிக்க மாட்டேன். எனக்கும் லீவு கிடைக்காது. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நான் ஒண்டி ஆள். ஒரு நர்ஸை வைத்துக்கொள்ளுங்கள். ஞாபகத்துக்கு நல்லது என்று பாதாமும், படத்துண்டுகளைச் சேர்க்கிற விளையாட்டு ஒன்றும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. "உங்க அண்ணிக்குப் பொறுமை கிடையாது. அதனாலதான் அவளுக்கு மட்டும் வண்டி கத்துக்கொடுக்கலை" என்று அண்ணன் அந்தக் காலத்திலேயே சொல்வார். ஆளை அளந்துதான் சொல்லியிருக்கிறார்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 17

அனுமதிக்க மாட்டாயா? நீ யார், நீதிபதியா?

பார்சல் வந்தது. படத்துண்டில் ஒன்றை எடுத்து அவர் வாயில் போட்டு மென்றார். விரலை விட்டு எடுத்தேன், கடித்துவிட்டார். பாதாமை நான் தின்றேன். நீ எழுதிய ஒவ்வொரு வரியும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கட்டும் என்று தின்றேன்.

தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டாய். போன மழையில் ஒரு நாள் வெறுங்காலோடு மேம்பாலம் வரை நடந்து போய், நடுரோட்டில் நின்று லாரிகளுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார். "கியரை மாத்து, கியரை மாத்து" என்று ஒவ்வொரு லாரிக்கும் பாடம். போலீஸ்காரர் கூட்டிவந்து விட்டுவிட்டு, "ஏம்மா, வீட்டுல ஆளே இல்லையா?" என்று என்னைக் கேட்டார். ஆள் இருந்தேன். கக்கூஸில் இருந்தேன். மறுநாள் தாழ்ப்பாள் போட்டேன். உனக்கு அது தெரிந்தது, அந்த மழை தெரியவில்லை.

நர்ஸும் வைத்துப் பார்த்தாயிற்று. குளிப்பாட்டப் போன பெண்ணைச் சுவரோடு தள்ளினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் யார் என்று அவருக்குப் பாதி நாள் தெரிவதில்லை. நேற்று வாயைத் துடைத்துவிடும்போது என் கையைப் பிடித்து, "நல்லா பாத்துக்கறீங்க. ஆனா என் சம்சாரம் வர்றதுக்குள்ள கிளம்பிடுங்க. அவ கொஞ்சம் கோவக்காரி" என்று சொன்னார். என்னைப் பற்றி என்னிடமே புகார். சிரிக்கிறாயா? நான் சிரித்தேன். அப்புறம் சமையலறைக்குப் போய் ஒரு தட்டைச் சுவரில் அடித்து உடைத்தேன். பெருக்கி அள்ளியதும் நான்தான்.

பொறுமையைப் பற்றி நீ பேசாதே. அச்சகத்தில் பைண்டிங் வேலைக்குப் போன காலமெல்லாம் பஸ்ஸுக்கு நின்றவள் நான். கையில் சாப்பாட்டுப் பையோடு நான் நிற்க, அவர் கார் என்னைத் தாண்டிப் போகும். எவளோ ஒருத்தி ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பாள். பக்கத்தில் இவர். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார், தெரிந்தவர்களுக்கு ஆட்டுவது போல. உனக்குக் கற்றுக்கொடுத்தார். பால்காரருக்கும் கற்றுக்கொடுத்தார். என்னை ஒரே ஒரு நாள் உட்கார வைத்து, உனக்குப் பொறுமை இல்லை என்று இறக்கிவிட்டார். நானும் சரி, நமக்கு வராது என்று விட்டுவிட்டேன். இப்போது இவரைக் குளிப்பாட்டி, துடைத்து, ஊட்டுகிறேனே, இதற்கெல்லாம் என்ன பெயர்?

ஒன்றாம் தேதி நான் ஆஸ்பத்திரியில் படுக்கிறேன். அவர் எங்கே படுப்பார் என்று நீயே எழுது.


மார்ச் 22

அண்ணி,

சண்டை போட்டு லீவு வாங்கிவிட்டேன். 31ஆம் தேதி வந்து அண்ணனை என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அந்தத் தாழ்ப்பாளுக்குள் என்னால் இருக்க முடியாது. ஒரு மனிதரை எப்படி வைத்துக்கொள்வது என்று செய்து காட்டுகிறேன்.

துணிமணியை எடுத்து வைத்தால் போதும். மற்றது எதுவும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.


ஏப்ரல் 4

அண்ணி,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நிம்மதி.

இங்கே அண்ணன் ஜம்மென்று இருக்கிறார். கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். சாயங்காலம் இரண்டு பேரும் லிஃப்டில் இறங்கி ஒரு சுற்று நடக்கிறோம். குடியிருப்பில் எல்லாருக்கும் வணக்கம் சொல்கிறார். பேச்சுக் கொடுத்தால் பேசுகிறார், அவ்வளவுதான் சூட்சுமம். குளிப்பதற்கு மட்டும் கொஞ்சம் அடம். இன்னும் நான் வற்புறுத்தவில்லை.

நன்றாக ஓய்வெடுங்கள்.


ஏப்ரல் 11

அண்ணி,

ஏன் என்னிடம் முழுசாகச் சொல்லவில்லை?

இரண்டு நாளாகக் கீழே நிற்கிற அடுத்தவர்கள் கார்களில் ஏறி உட்காருகிறார். எந்தக் கதவு பூட்டாமல் இருக்கிறதோ அதில். நேற்று இரண்டாவது மாடிக்காரர் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட வந்தால், பக்கத்து சீட்டில் இவர், "கண்ணாடியைப் பாத்தியா? பாக்காம எப்படி எடுக்கிற?" என்று அதட்டுகிறார். கையைப் பிடித்து இழுத்தேன். எல்லாரும் பார்க்க என்னை அறைந்தார். "யாருடி நீ? என் தங்கச்சி எங்கே?" என்றார். என் மூக்குக்கண்ணாடி உடைந்துபோயிற்று. ஒட்டுப்போட்ட கண்ணாடியோடுதான் இதை எழுதுகிறேன்.

வந்ததிலிருந்து குளிக்கவில்லை. நாற்றம் தாங்கவில்லை. படுக்கையை நனைத்துவிட்டு நான் தண்ணீர் ஊற்றியதாகச் சண்டை போடுகிறார். நான் குரல் உயர்த்தாதவள் என்று மருந்தகத்தில் எல்லாரும் சொல்வார்கள். இன்று காலை "செத்துத் தொலை" என்று கத்தினேன். அது அவர் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு வெகுநேரம் அவர் சாப்பிடவில்லை.

தூக்க மாத்திரை ஒன்றைப் பாதியாக உடைத்து அவர் பாலில் போட எடுத்தேன். யாரும் எழுதிக் கொடுக்காத மாத்திரை. இந்தத் தொழிலில் நான் ஒரு நாளும் செய்யாத காரியம். போடவில்லை. ஆனால் கை போனது.

ஒரு தச்சரைக் கூப்பிட்டு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். சந்தோஷமா?

நாள் முழுக்க ஒரே கேள்வி: "என் சம்சாரம் எங்கே? அவளைக் கூப்பிடு. அவ வந்தா உங்களையெல்லாம் ஒரு வழி பண்ணிடுவா."


ஏப்ரல் 15

முழுசாகத்தான் சொன்னேன். நீ பாதாம் அனுப்பினாய்.

தையல் பிரித்துவிட்டார்கள். இன்னும் குனிய முடியவில்லை. அதனால் உன்னைத் திட்டுவதற்குத் தெம்பு குறைவு. மிச்சத்தை நேரில் வைத்துக்கொள்ளலாம்.

அவரை அண்ணா என்று கூப்பிடாதே. அவர் மனசில் தங்கை என்றால் இரட்டைச் சடை போட்ட பெண். நீ நரைத்துப்போன பொம்பளை. அண்ணா என்று கூப்பிட்டால் பயந்துதான் போவார். மாஸ்டர் என்று கூப்பிடு.

குளிக்க வாங்க என்று சொல்லாதே. "இன்ஸ்பெக்டர் வர்றார் மாஸ்டர், இன்னிக்கு டெஸ்ட்" என்று சொல். தானே சட்டையைக் கழற்றிக் கொடுப்பார். தண்ணீரைத் தலையில் ஊற்றாதே, காலிலிருந்து ஆரம்பி.

காரில் ஏறிவிட்டால் இழுக்காதே. "கிளாஸ் முடிஞ்சது மாஸ்டர், தேங்க்ஸ்" என்று சொல். பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கிவிடுவார். இதையெல்லாம் அன்றைக்கே சொல்ல வாயெடுத்தேன். சொல்லித் தர வேண்டாம் என்று எழுதியது யார்?

மாத்திரையைத் திரும்ப வைத்தாய் இல்லையா, அது போதும். நானும் தலையணையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். திரும்பக் கட்டிலில் வைத்துவிட்டேன். இதை உன்னிடம் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னதால் நமக்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே.

இருபதாம் தேதிக்கு மேல் கூட்டிவா.


மே 6

அண்ணி,

வாசலில் அண்ணனை இறக்கிவிட்டதும் அவரை உள்ளே கூட்டிப்போய்விட்டீர்கள். என்னை வா என்றுகூடச் சொல்லவில்லை. நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அதைப் பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை.

யோசித்துப் பார்த்தேன். நீங்கள் முதலில் சொன்னதே சரி. அந்த இல்லத்தில் அண்ணனை நிரந்தரமாகச் சேர்த்துவிடலாம். அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், முறைபோட்டுப் பார்ப்பார்கள். உங்களுக்கும் வயதாகிறது. இனி என்னால் அவரை வைத்துக்கொள்ள முடியாது என்று வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். நீங்களும் ஒப்புக்கொள்ளுங்கள்.

இல்லத்துக்காரர்களிடம் உங்களால் சொல்ல முடியாவிட்டால் நான் வந்து பேசுகிறேன்.


ஜூன் 20

வாலுவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதியிருந்தால் அஞ்சல் பெட்டி தீப்பிடித்திருக்கும். அதனால் ஆறப்போட்டேன்.

சில வாரம் விடுகிறேன் என்று நான் சொன்னபோது பாவி. நிரந்தரமாக விடலாம் என்று நீ சொன்னால் யோசனை. ஒரு நாள் விடத்தான் வேண்டியிருக்கும், அது எனக்குத் தெரியும். நான் தூங்கும்போதுகூட ஒரு கண் திறந்துதான் இருக்கிறது, இப்படியே போனால் யார் முதலில் போவது என்பதுதான் கேள்வி. ஆனால் அந்த நாள் எது என்று நான் சொல்வேன். நீ வந்து பேச வேண்டாம்.

இப்போது கேள். நம் மெக்கானிக்கை உண்மையிலேயே வரவழைத்தேன். இத்தனை நாள் சொன்ன பொய் ஒன்று நிஜமானது. பக்கத்து சீட் பிரேக்கின் இணைப்பைக் கழற்றிவிடச் சொன்னேன். பெடல் இருக்கிறது, மிதித்தால் உள்ளே போகிறது, அவ்வளவுதான், வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பழகுநர் லைசென்ஸ் எடுத்திருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள், நான் வேலை பார்த்த அச்சகத்துக்கு விடுமுறை அன்று, அதற்குப் பின்னால் லாரி நிற்கிற காலி இடத்துக்குப் போகிறோம். அதுவரை மெக்கானிக் ஓட்டிவருவார், அங்கே போனதும் பின்னால் உட்கார்ந்துகொள்வார். நான் ஸ்டியரிங்கில். மாஸ்டர் பக்கத்தில்.

அங்கே அவருக்கு ஒரு குழப்பமும் இல்லை. "கிளட்சை முழுசா விடாதீங்க, மெதுவா, மெதுவா." நான் தப்புச் செய்தால் அந்த வெறும் பெடலை ஓங்கி மிதிக்கிறார். அதே நேரம் நான் என் பிரேக்கை மிதிக்கிறேன். தான் நிறுத்தியதாக அவருக்குத் திருப்தி. வீட்டுக்கு வந்தால் சாப்பிடுகிறார், குளிக்கிறார், தூங்குகிறார்.

போன வாரம் நன்றாக ஓட்டிவிட்டேன் போல. "உங்களுக்குக் கை சுத்தம்" என்று பாராட்டினார். பழகினவர்களில் எல்லாரையும்விட நல்லா ஓட்டினவங்க யார் மாஸ்டர் என்று சும்மா கேட்டேன். உன் பெயரைச் சொல்வார் என்று நினைத்தேன். கொஞ்சம் யோசித்தார்.

"என் சம்சாரம்" என்றார். "ஒரே ஒரு நாள்தான் உட்கார வெச்சேன். முதல் நாளே வளைவுல அப்படி எடுத்தா. பயமாப் போச்சு."

"எதுக்குப் பயம்?"

"அவ கோவக்காரிங்க. வண்டியும் ஓட்டத் தெரிஞ்சுட்டா, கோவம் வர்ற அன்னிக்கு எடுத்துக்கிட்டுப் போயிடுவா. அப்புறம் நான் எங்க போய்த் தேடறது? அதான் உனக்குப் பொறுமை இல்லைன்னு சொல்லி இறக்கிட்டேன். அவகிட்ட சொல்லிடாதீங்க."

வண்டியை நிறுத்தினேன். "பிரேக் நல்லாப் பிடிக்கிறீங்க" என்றார்.

வாலு, எனக்குப் பொறுமை இல்லை என்று நானே நம்பினேன். அந்தப் பஸ் நிறுத்தத்தில் வெயிலிலும் மழையிலும் நின்றபோதெல்லாம், நம்மால் ஆகாது, நமக்கு வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீயும் அதையே எடுத்து என் முகத்தில் வீசினாய். எல்லாம் இந்த ஆள் பயத்தில் சொன்ன பொய். அவர் சட்டையைப் பிடித்து உலுக்கி, ஏன்யா இப்படிப் பண்ணினே என்று கேட்கக் கையை நீட்டிவிட்டேன். கேட்டால் யார் பதில் சொல்வது? அதைச் செய்தவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் அங்கே இல்லை. இருக்கிற இவரோ, தன் சம்சாரத்துக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நீட்டிய கையால் அவர் பெல்ட்டைச் சரிசெய்தேன். பின்சீட்டில் மெக்கானிக் மூக்கை உறிஞ்சினார். அவரையும் திட்டினேன்.

"சொல்ல மாட்டேன் மாஸ்டர்" என்றேன். வேறென்ன சொல்வது?

ஆகஸ்டில் எனக்கு டெஸ்ட். அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு வாரம் நீ இங்கே வருகிறாய். அவரைக் கூட்டிப்போக வேண்டாம், இங்கேயே தாழ்ப்பாளுக்குள் என்னோடு இரு. ஸ்டேஷனுக்கு நானே வண்டி எடுத்து வருவேன். மாஸ்டர் முன்னால் இருப்பார், உனக்குப் பின்சீட்தான். வாய் பேசாமல் வா.

லீவு இல்லை, முடியாது என்று எழுதுவாய். எழுது. அன்றைக்கு எழுதினாயே, அதைவிடக் கடுமையாக எழுது. கல்யாணமான நாளிலிருந்து எனக்குச் சண்டை போட இருந்தது அவர் ஒருவர்தான். அவரோடு இனி போட முடியாது. நீதான் மிச்சம்.

உன் அண்ணி